முற்றத்து டெலிவிஷனில் ஒரு புள்ளி

பம்பாய்க்கு டெலிவிஷன் வருவதற்கு ஐந்தாறு வருஷம் முன்பே நான் அதில் தேர்தல் முடிவு பார்த்துவிட்டேன் என்று சொன்னால் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எங்கள் டெலிவிஷன் மாதுங்காவில் ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில், எங்கள் வீட்டு ஜன்னலுக்கு வெளியே, கழுவிவிட்ட சிமெண்டு முற்றத்தில் இருந்தது. அதைப் போட்டவள் நான். கெடுத்தவள் அம்மா. அல்லது திருத்தியவள் அம்மா. இத்தனை வருஷம் கழித்தும் எந்தச் சொல் சரி என்று எனக்குத் தெரியவில்லை.

அண்ணா அப்போது லண்டனில் வேலையாக இருந்தான். வாரம் ஒரு நீலக் கடிதம் வரும். அந்த ஊரில் தேர்தல் நடந்த சமயம் ஒரு கடிதம் முழுக்க டெலிவிஷனைப் பற்றியே எழுதியிருந்தான். அறையில் எல்லோரும் ஒரே கம்பளிக்குள் கால்களை நுழைத்துக்கொண்டு ஒரு பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். பெட்டிக்குள் கோட்டு போட்ட ஒரு மனிதர் முடிவுகளைப் படித்தாராம். அவருக்குப் பின்னால் தேசத்தின் வரைபடம். எந்த ஊரில் யார் ஜெயிக்கிறார்களோ அதற்கேற்ப அந்த ஊர் வெள்ளையாகவோ கறுப்பாகவோ மாறுமாம். 'படிக்கிறவர் யாருக்கு ஓட்டுப் போட்டிருப்பார் என்று கடைசி வரை கண்டுபிடிக்க முடியவில்லை அப்பா, முகத்தில் ஒரு சுருக்கம் கிடையாது' என்று முடித்திருந்தான்.

அந்தக் கடிதத்தை மடிப்புகள் கிழியும்வரை படித்தேன். எனக்கு இருபத்துமூன்று வயது. பம்பாயின் கோட்டைப் பகுதியில் ஒரு ஆபீசில் டைப்பிஸ்ட். காலையில் வி.டி. போகிற லோக்கல் ரயிலில் நின்றபடி பெண்கள் பெட்டியின் ஜன்னலைப் பார்ப்பேன். தாதர், பரேல், பைகுலா என்று அந்தச் சட்டத்துக்குள் மனிதர்கள் தோன்றித் தோன்றி மறைவார்கள். பல் தேய்க்கிற ஒருவர், புடவை உலர்த்துகிற ஒருத்தி. டெலிவிஷன் இப்படித்தான் இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அந்த நாட்களை நினைத்தால் எல்லாமே எனக்கு ஜன்னலுக்குள்தான் தெரிகிறது.

அறுபத்தேழாம் வருஷப் பிப்ரவரியில் நம் தேசத்துக்கும் தேர்தல் வந்தது. என் முதல் ஓட்டு. விரலில் வைத்த மை போகாமல் இருக்க இரண்டு நாள் இடது கையில் சோப்பே போடவில்லை. 'மதராசிகளே, ஊருக்குப் போங்கள்' என்று சுவர்களில் எழுத ஆரம்பித்திருந்த காலம் அது. அந்தச் சுவர்களைத் தாண்டிப் போய்த்தான் நானும் அப்பாவும் அம்மாவும் பம்பாய்க்காரர்களாக ஓட்டுப் போட்டு வந்தோம். ஆனால் ஓட்டு எண்ண ஆரம்பித்த அன்று எங்கள் மூவர் காதும் மதராஸ் மாகாணத்தின் பக்கம்தான் திரும்பியிருந்தது. இங்கிலீஷ் பேப்பரில் மதராஸ் முடிவுகள் மொத்தமாகத்தான் வரும். தொகுதி வாரியாகத் தெரிய வேண்டுமானால் ரயிலில் தமிழ்ப் பேப்பர் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் இருந்த ஒரே வழி ரேடியோ. கட்டடத்தில் ரேடியோ வைத்திருந்த வீடுகள் இரண்டு மூன்று இருந்தாலும், ஊருக்கே கேட்கிற மாதிரி வைப்பவர் அப்பா ஒருவர்தான்.

அப்பா ரயில்வே குமாஸ்தா. கதர் தவிர வேறு உடுத்தாதவர். ஆளும் கட்சி என்றால் அவருக்கு அது கட்சி அல்ல, குலதெய்வம். கரகரக்கிற சிற்றலையில் காதை வைத்துத் தமிழ்ச் செய்தியைக் கேட்டு, ஒவ்வொரு முடிவையும் ஜன்னல் வழியாக வெளியே நிற்பவர்களுக்குச் சொல்வது என்று அவராகவே ஏற்பாடு செய்துகொண்டார். நான் ஆபீசுக்கு வயிற்றுவலி என்று சொல்லியனுப்பிவிட்டு, கோலமாவும் செம்மண் கிண்ணமுமாக முற்றத்தில் உட்கார்ந்தேன். தில்லிக்கு ஆள் அனுப்புகிற தொகுதிகள் மதராஸ் மாகாணத்தில் முப்பத்தொன்பது. முப்பத்தொன்பது புள்ளி வைத்து, கிழக்கே கொஞ்சம் புடைத்து, தெற்கே குறுகிக் கன்னியாகுமரியில் முடிகிற மாதிரி ஒரு வரைபடம். எதிர்த்தரப்பு ஜெயித்தால் புள்ளியைச் சுற்றி வெள்ளைச் சுழி, ஆளும் கட்சி என்றால் செம்மண் சுழி. அண்ணாவின் லண்டன் கறுப்பு வெள்ளை. என்னுடையது கலர்.

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க தாராவியிலிருந்து ஒரு திருநெல்வேலி அக்கா வருவாள். முப்பது வயது இருக்கும். புருஷனுக்குத் தோல் கிடங்கில் வேலை. பம்பாயில் அப்போது மதுவிலக்கு. தாராவியில் தண்ணீருக்குத்தான் வரிசை இருந்ததே தவிர சாராயத்துக்கு இல்லை. மாதத்தில் இரண்டு மூன்று தடவை அக்கா கன்னம் வீங்கி வருவாள். குழாயடியில் வழுக்கிவிட்டது என்பாள். தாராவியில் அத்தனை வழுக்கல். அம்மா ஒன்றும் கேட்காமல் விளக்கெண்ணெயைச் சுடவைத்துக் கொடுப்பாள்.

அன்று அக்கா தேய்த்த பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு, ஈரக் கையோடு முற்றத்துக்கு வந்து என் பக்கத்தில் குந்தினாள்.

"பாப்பா, எங்க தொகுதி எந்தப் புள்ளி?"

காட்டினேன். கடைசியிலிருந்து நாலாவது புள்ளி.

"இது வெள்ளையாவணும்னு வேண்டிக்கிடுங்க."

அக்காவுக்கு எப்போது கட்சியெல்லாம் வந்தது என்று கேட்டேன்.

"கட்சி என்னத்துக்கு எனக்கு? எங்க வீட்டுக்காரவியளுக்கு இங்கயும் ஓட்டு இல்ல, ஊர்லயும் இல்ல. இங்க இஸ்கூலு வாசல்ல ரெண்டு மணி நேரம் வரிசையில நின்னாவ. லிஸ்ட்ல பேரு இல்ல, போன்னுட்டான். ஊர்ல இருந்த பேரயும் எப்பவோ அடிச்சிட்டாவளாம். கோவத்துல நேரா பிள்ளையார் கோயிலுக்குப் போயி சூடத்த அணைச்சு சத்தியம் பண்ணிட்டாவ. ஊர்த் தொகுதில அவிய ஆளு ஜெயிச்சா இனிமே சாராயத்தத் தொடமாட்டாவளாம்."

"தோத்துட்டா?"

"தோத்தா பழையபடிதான். அதுக்கு எதுக்குச் சத்தியம்?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஆனால் அந்தப் புள்ளியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எனக்கு வயிற்றில் நிஜமாகவே வலித்தது. ஓட்டு எண்ணுகிறவர்களுக்குத் தெரியாது, அங்கே எங்கோ ஒரு பெட்டிக்குள் இவளுடைய கன்னமும் இருக்கிறது என்று.

சாயங்காலம் வேலை விட்டு அக்காவின் புருஷனே வந்தார். உயரமான, ஒல்லியான மனிதர். சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார். தோல் வாடை அடிக்கும் என்று கூச்சமோ என்னவோ, காம்பவுண்டு கேட்டருகிலேயே நின்றார். "தங்கச்சி, எங்க புள்ளி இன்னும் ஆவலியா?" என்றார். இல்லை என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் காலை வேலைக்குப் போகிற வழியில் வந்தார். அன்று சாயங்காலமும் வந்தார்.

அதற்குள் வரைபடம் வெளுத்துக்கொண்டே வந்தது. மதராஸ் மாகாணமே ஆளும் கட்சியைக் கவிழ்த்துவிட்டது. முற்றத்தில் கூட்டம் கூடிவிட்டது. மாடி வீட்டுக்காரர்கள், காய்கறிக்காரர்கள், தாராவியிலிருந்து வேலைக்கு வந்த இடத்தில் எட்டிப் பார்த்தவர்கள். ஒவ்வொரு வெள்ளைச் சுழிக்கும் ஒரு சாரார் கை தட்டினார்கள், இன்னொரு சாரார் தொண்டையைச் செருமினார்கள். ஜன்னல் கம்பிகளுக்குப் பின்னால் அப்பா. அண்ணாவின் கடிதத்தில் இருந்த மனிதரைப் போல முகத்தில் ஒன்றும் காட்டக் கூடாது என்று பிரயாசைப்பட்டார் பாவம். ஒவ்வொரு தோல்வியையும் எழவுச் செய்தி சொல்கிற மாதிரிதான் சொல்ல வந்தது. மாலை வெயில் அவர் முகத்தில் பாதியில் விழுந்து, மாவுத் தூசி அதில் மிதந்துகொண்டிருந்தது. இன்றைக்கு எத்தனை பெரிய திரையைப் பார்த்தாலும் எனக்குத் தேர்தல் என்றால் அந்த முகம்தான்.

வியாழக்கிழமை சாயங்காலச் செய்தியோடு நிறுத்தினோம். ஏழெட்டுப் புள்ளிகள் மிச்சம். அக்காவின் புள்ளியும் அதில் ஒன்று. முற்றத்தில் தண்ணீர் தெளித்துவிடாதே என்று அம்மாவிடம் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் படுத்தேன்.

காலையில் குளித்துக்கொண்டிருந்தபோது முற்றத்தில் ஒரே சத்தம். ஈரத் தலையோடு ஓடிவந்தேன். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அவள் புருஷன் கேட்டைத் தாண்டி உள்ளே வந்து, முதல் தடவையாகக் கோலத்தின் பக்கத்திலேயே நின்றிருந்தார். "ஜெயிச்சிட்டோம் தங்கச்சி!" என்றார். கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கா, புள்ளிக்கா தெரியாது. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினார்.

நான் கீழே பார்த்தேன். கடைசியிலிருந்து நாலாவது புள்ளியைச் சுற்றி அழகான வெள்ளைச் சுழி. அது மட்டுமில்லை. மிச்சமிருந்த அத்தனை புள்ளிகளும் ஒன்றோடொன்று கோத்து வளைத்து, ஒரு இழையும் விட்டுப்போகாமல், இலங்கைக்குப் போகிற கடல் வரைக்கும் பூர்த்தியாகியிருந்தன.

"அம்மா! என்ன பண்ணியிருக்கே?"

"நான்தான் கேக்கணும், நீ என்ன பண்ணியிருக்கேன்னு" என்று அம்மா அடுக்களையிலிருந்தே பதில் சொன்னாள். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா வாசல்ல கோலம் மூளியாக் கிடக்கு. தண்ணி தெளிக்காதேன்னே, தெளிக்கலை. கோலத்தை முடிக்காதேன்னு சொன்னியா? பாதிக் கோலத்தை மிதிச்சுண்டு போனா வீட்டுக்கு ஆகுமா?"

பாதியில் நின்ற கோலத்தைப் பார்த்தால் எங்கள் பெண்களுக்குக் கை தானாகப் போய்விடும். மூன்று நாளாக அந்தக் கோலத்தைத் தாண்டித் தாண்டி நடந்த அம்மாவின் கை எத்தனை தினவெடுத்திருக்கும் என்று இப்போது புரிகிறது. செம்மண்ணை அவள் தொடவில்லை. செம்மண் ஓரத்துக்கு இடுவதுதானே, நடுவில் இடுவது என்ன வழக்கம் என்று விட்டுவிட்டாளாம்.

அக்கா பின்கட்டில் பாத்திரத்தோடு உட்கார்ந்துவிட்டாள். மத்தியானச் செய்தியில் அந்தத் தொகுதி வெள்ளையாகிவிட்டால் ஒன்றும் கெடவில்லை. ஊரே வெளுக்கும்போது அது மட்டும் வெளுக்காதா என்று மனசைத் தேற்றிக்கொண்டு அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

வெளுக்கவில்லை. அந்தத் தொகுதியில் ஆளும் கட்சி ஜெயித்திருந்தது.

"நம்மாள் ஒருத்தர் வந்துட்டார்டி!" அப்பா துள்ளி எழுந்தார். மூன்று நாளில் அவருக்குக் கிடைத்த மருந்து அது. செம்மண் கிண்ணத்தைத் தானே எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு இறங்கினார். நான் குறுக்கே போய் அந்தப் புள்ளியின் மேல் நின்றேன்.

"அப்பா, வேண்டாம்."

"நகரு. வாசல்ல பொய்யை எழுதி வெச்சுண்டு உக்காரச் சொல்றியா?"

அக்கா புருஷன் செய்த சத்தியத்தைச் சொன்னேன். சூடத்தை, வரிசையில் நின்ற இரண்டு மணி நேரத்தை, வழுக்காத குழாயடியை எல்லாம் மூச்சுவிடாமல் சொன்னேன். பின்கட்டிலிருந்து ஒரு பாட்டின் முனகல் கேட்டது. மூன்று வருஷமாக எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்தவள் அதுவரை ஒரு தடவைகூட முனகிக் கேட்டதில்லை. அப்பா அந்தப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு கிண்ணத்தை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

சாயங்காலம் அந்த மனிதர் வந்தார். நல்ல வெளிச்சம் இருக்கும்போதே வந்தார். ஜன்னலில் இருந்த அப்பாவிடம், "எங்க தொகுதில எவ்வளவு ஓட்டு வித்தியாசம் ஐயா?" என்று கேட்டார்.

அப்பா பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. டிக்கெட் இல்லாமல் ஒரு ஸ்டேஷன் தூரம்கூடப் போகாதவர். நான் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

"ரேடியோ ஒரே கரகரப்பு. காதுல விழலை" என்றார் அப்பா. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. அண்ணாவின் லண்டன்காரர் அவரிடம் பிச்சை வாங்க வேண்டும்.

அவர் போனதும் அப்பா ரேடியோவை நிறுத்தினார். அன்று ராத்திரி சாப்பிடவில்லை. தன் கட்சி ஜெயித்த ஒரே செய்தியையும் தானே விழுங்கிவிட்டார். சனிக்கிழமை அம்மா முற்றத்தைக் கழுவி வழக்கமான கோலத்தைப் போட்டாள். மாகாணம் முழுக்கச் சாக்கடையோடு போயிற்று. அன்று வந்த தமிழ்ப் பேப்பரை நான் என் டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டினேன். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது என்பது அப்போது நினைவே இல்லை.

அடுத்த வாரம் அக்கா சொன்னாள்: "இப்பமெல்லாம் பகல் வெளிச்சத்துல வீட்டுக்கு வாராவ பாப்பா. அவிய மொகமே எனக்கு மறந்துபோயிருந்துச்சு. உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன்."

அவள் சொல்லச் சொல்ல எனக்குப் பயம்தான் கூடியது. ஒரு பேப்பர், ஒரு டீக்கடைப் பேச்சு போதுமே. பத்து நாள் கழித்து, ஆபீஸ் முடிந்து மாதுங்கா ஸ்டேஷன் பாலத்தில் இறங்கிக்கொண்டிருந்தேன். படியின் அடியில் அந்த மனிதர் நின்றிருந்தார். எனக்காகத்தான் நின்றிருந்தார்.

"தங்கச்சி, பேப்பர் பாத்தேன்" என்றார். "சனிக்கிழமையே பாத்துட்டேன்."

தப்பு எங்கள் மேல்தான் என்றேன். அம்மாவையும் வெள்ளிக்கிழமையையும் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

"மொதல்ல கோவந்தான் வந்துச்சு. ரெண்டு வார்த்தை கேட்டுட்டு வருவோம்னு சட்டையப் போட்டேன். அப்பம் அவ சோறு போட்டுக்கிட்டு இருந்தா. பாடிக்கிட்டே போட்டா. அவ பாடுவாங்கிறதே எனக்குத் தெரியாது தங்கச்சி."

ஜனங்கள் எங்களை இடித்துக்கொண்டு இறங்கினார்கள். அவர் சுவரோரம் ஒதுங்கினார்.

"ஓட்டுத்தான் எங்கயும் போட முடியல. சத்தியமாவது போட்டது போட்டதா இருக்கட்டும். அவகிட்ட மட்டும் சொல்லிராதீய."

நான் சொல்லவில்லை. அப்பாவிடம் மட்டும் சொன்னேன். அவர் மறுபடி ஒரு தடவை அந்த வார்த்தைகளைச் சொல்லச் சொல்லிக் கேட்டார். "அவனுக்குப் போய் ஓட்டு இல்லைன்னுட்டான் பார்" என்றார்.

மார்ச், ஏப்ரல், வெயில், பிறகு மழை. அக்காவின் கன்னம் அந்த மழை முழுக்க வீங்கவில்லை. முனகல் பாட்டாகிவிட்டது. அம்மா விளக்கெண்ணெய்க் கிண்ணத்தைப் பரணில் ஏற்றினாள். என் ஆபீசில் நான் தட்டிய ஆயிரம் கடிதங்களில் ஒன்றுகூட ஒருவரின் வாழ்க்கையில் இத்தனை நல்லது செய்திருக்காது, அம்மாவின் ஒரு சுழி செய்துவிட்டதே என்று ரயிலில் நின்றபடி நினைத்துக்கொள்வேன். கொஞ்சம் கர்வம்கூட வந்துவிட்டது.

அந்த வருஷம் பிள்ளையாரைக் கடலில் கரைக்கிற கணபதி விசர்ஜனத்துக்கு அக்காவின் புருஷன் கூட்டாளிகளோடு கடற்கரைக்குப் போனார். அத்தனை டோலக்குச் சத்தத்தில், அத்தனை பேர் நடுவில், யார் ஊற்றிக் கொடுத்தார்களோ.

மறுநாள் காலை அக்கா வந்தபோது இடது கண் முக்கால்வாசி மூடியிருந்தது. அம்மா விளக்கெண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கப் பரணில் ஏறினாள். என்னால் வாயைக் கட்ட முடியவில்லை.

"குழாயடியா அக்கா?"

"இல்ல பாப்பா" என்றாள். முதல் தடவையாக.

பின்கட்டில் உட்கார்ந்து பாத்திரங்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நான் நிலைப்படியில் நின்றிருந்தேன். ஆபீசுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"அடுத்த எலெக்‌ஷன் எப்பம் வரும் பாப்பா?"

"அஞ்சு வருஷம் ஆகும் அக்கா."

அவள் விரல்களை மடக்கினாள். "அதுல ஏழு மாசம் போயிட்டுல்லா? அதக் கழிச்சிட்டா?"

"நாலு வருஷம், அஞ்சு மாசம்."

நான் அழுதுவிடுவேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"வந்துரும் பாப்பா" என்று என்னைத் தேற்றிவிட்டு, சாம்பலை அள்ளினாள்.